கை இணைக்கும் இடம்

ஜாக்கெட்டில் கை சரியாக உட்காரவில்லை என்று எடுத்து வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் குறை பெரும்பாலும் கையில் இருப்பதில்லை. தோள் அகலத்தில் அரை இஞ்ச் குறைத்திருப்பார்கள். அல்லது முன்பக்கத்து டாட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருப்பார்கள். அல்லது பக்கத் தையலைப் பிரித்து லூஸ் விட்டிருப்பார்கள். உடம்புத் துண்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கைக்கு அதை யாரும் சொல்லவில்லை. கை பழைய உடம்புக்கு வெட்டியபடியே வந்து சேர்கிறது. தோள் முனையிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு விழுகிறது. அதை இஸ்திரி போட்டு அழுத்தலாம். உடுத்திக்கொண்டு இரண்டு முறை கையை அசைத்தால் மறுபடி எழுந்து நிற்கும்.

மடிப்புகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேல்கையில் குறுக்குக் கோடாக இழுத்தால் கைச் சுற்றளவு போதவில்லை. தோள் முனையிலிருந்து முன்னும் பின்னும் சரிந்து இழுத்தால் கையின் மேல்வளைவு உயரம் போதவில்லை. மேல்வளைவிலேயே துணி குழிந்து மடிந்தால் உயரம் கூடிவிட்டது. முன்பக்கம் தளர்ந்து பின்பக்கம் மட்டும் இழுத்தால் அளவில் குறையில்லை. கையைச் சற்று சுழற்றி வைத்தால் போதும். துணி பொய் சொல்லாது. எந்த இடத்தில் போதவில்லையோ அந்த இடத்தைக் கோடு போட்டே காட்டிவிடுகிறது.

✽

எங்கள் திருக்கோவிலூரில் உடம்பில் டேப் வைத்து அளவு கொடுக்கிறவர்கள் குறைவு. அளவு ஜாக்கெட் கொண்டு வருவார்கள். பாலம் தாண்டி அரகண்டநல்லூரிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான். ஆற்றுக்கு அந்தக் கரை விழுப்புரம் மாவட்டம், இந்தக் கரை 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். திருக்கோவிலூர் என்று பெயர் எழுதிய ரயில் நிலையமே அந்தக் கரையில்தான் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் பை மாறவில்லை. பைக்குள் புதுத்துணி, அதில் சுற்றிய பழைய ஜாக்கெட், "இதே அளவு, கை மட்டும் கொஞ்சம் லூஸா" என்ற ஒரு வாக்கியம்.

உலகை அளந்தவர் நிற்கிற ஊர் இது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அந்த ஒப்புமை தோன்றாமல் இருக்காது. எளிதாக வருகிறது என்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் தன் அடியால் அளந்தார். நாங்கள் அடுத்தவர் உடம்பால் அளக்கிறோம். இரண்டும் வேறு வேலை.

இஞ்ச் குறித்த டேப் தையல்காரர் கைக்குப் பரவலாக வந்தது சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன் ஐரோப்பியத் தையல்காரர்கள் ஒவ்வொருவருக்கும் நீளமாக ஒரு காகிதப் பட்டை வைத்திருந்தார்கள். தோளுக்கு ஒரு வெட்டுக்குறி, மார்புக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று என்று அந்தப் பட்டையிலேயே நறுக்கிக்கொள்வார்கள். எண் கிடையாது. ஒருவருடைய பட்டை இன்னொருவருக்கு உதவாது. அளவு ஜாக்கெட் அந்தப் பட்டையின் உறவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு வித்தியாசம். காகிதப் பட்டை பெட்டியில் கிடந்தது. அளவு ஜாக்கெட்டோ உடுத்தப்பட்டது, துவைக்கப்பட்டது, வெயிலில் காய்ந்தது. அதன் லைனிங் சுருங்கியிருக்கும். ஆர்ம்ஹோலில் துணி கிராஸாகப் போகிற இடமெல்லாம் இழுபட்டு நீண்டிருக்கும். வலது, இடதை விடக் கூடுதலாக நீண்டிருக்கும், ஏனென்றால் எட்டி எடுக்கிற கை வலது கைதான். அதை மேசையில் விரித்து அளந்தால் கிடைப்பது அந்தப் பெண்ணின் அளவு அல்ல. அந்த ஜாக்கெட் பட்ட பாட்டின் அளவு.

உள்ளே திருப்பிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பக்கத் தையலில் வரிசையாகத் தையல் ஓடிய தடம் இருக்கும். ஒன்று பிரித்தது, இன்னொன்று பிரித்தது, மூன்றாவதில் நிற்கிறது. கல்யாணம், முதல் பிள்ளை, இரண்டாவது பிள்ளை என்று எழுதி வைத்தது போலத்தான். வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

✽

அளவை எங்கே எடுக்கிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெட்டிய விளிம்பில் எடுக்கக் கூடாது. தையல் ஓடப்போகிற கோட்டில் எடுக்க வேண்டும். உடம்புத் துண்டில் ஆர்ம்ஹோல் ஒரு குழி. தையலுக்கு விட்ட துணி அந்தக் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே வெட்டிய விளிம்பு தையல் கோட்டை விடச் சிறியது. கையின் மேல்வளைவு ஒரு மேடு. அங்கே தையலுக்கு விட்ட துணி மேட்டுக்கு வெளியே நிற்கிறது, ஆகவே வெட்டிய விளிம்பு தையல் கோட்டை விடப் பெரியது. இரண்டு விளிம்புகளையும் அளந்து ஒப்பிட்டால் கை மிகப் பெரியதாகிவிட்டது என்று தோன்றும். பயந்து கையைக் குறைப்பார்கள். குறைத்த பிறகுதான் உண்மையாகவே போதாமல் போகும்.

டேப்பைப் படுக்க வைத்து வளைவை அளக்க முடியாது. நிமிர்த்தி, விளிம்பால் கோட்டின் மேல் நிறுத்தி வளைத்துக்கொண்டே போக வேண்டும். அதைவிடவும் நல்ல வழி, கையின் பேப்பரை ஆர்ம்ஹோல் பேப்பரின் மேல் நடக்க வைப்பது. அக்குள் முனையில் இரண்டு கோடுகளையும் சேர்த்து, பென்சில் முனையால் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்து, மேல் பேப்பரை அரை இஞ்ச் திருப்பி, மறுபடி அழுத்தி, மறுபடி திருப்பி. நியூஸ் பேப்பரில் வெட்டிய பேட்டர்ன் என்றால் ஏதோ ஒரு கல்யாண மண்டப விளம்பரத்தின் மேல் ஏதோ ஓர் இரங்கல் அறிவிப்பு மெல்ல ஏறிச் செல்லும்.

கீழ்ப்பகுதியில், அக்குளை ஒட்டிய இரண்டு மூன்று இஞ்சில், இரண்டு கோடுகளும் ஒரே வளைவாக ஒன்றன் மேல் ஒன்று படிந்து போகின்றன. பிறகு பிரிகின்றன. ஒன்று உள்ளே வளைய, மற்றது வெளியே வளைய, நீளத்தில் மட்டும் கூடவே நடக்கின்றன. தோள் முனைக்கு வந்து சேரும்போது கைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் கை கொண்டுவந்த கூடுதல். அந்த மிச்சத்தைப் பார்க்கும் வரை எதையும் வெட்டக் கூடாது. அவசரமாக வேலை செய்கிற நாளில் இந்த நடையைத்தான் முதலில் விடுகிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தைத்த கைகளைப் பார்த்தாலே தெரியும்.

✽

முன் ஆர்ம்ஹோல் வாய் பிளந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கால் இஞ்ச் கிள்ளி, அதை மார்பு டாட்டுக்குள் தள்ளிவிடுகிறோம். முன்பக்கம் அழகாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் முன் ஆர்ம்ஹோல் இப்போது கால் இஞ்ச் சிறியது. கையிலும் அந்தக் கால் இஞ்ச் போக வேண்டும். எங்கே? முன்பக்கத்தில், கிள்ளிய அதே உயரத்தில். இரண்டு பக்கமும் அரைக்கால் அரைக்காலாகப் பகிர்ந்து குறைப்பது நியாயம் போலத் தோன்றும். நியாயம்தான், ஆனால் சரியில்லை. பின்பக்கம் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதன் அளவை ஏன் குறைக்க வேண்டும்? அப்படிக் குறைத்தால் கையின் நடுக்குறி தோள் தையலை விட்டு விலகி, கை முழுவதும் லேசாகத் திருகிக்கொள்ளும்.

தோளைக் குறைத்தால் கதை வேறு. தோள் முனை உள்ளே போகிறது. உள்ளே போன அந்த அரை இஞ்ச் இனி கையின் பொறுப்பு. கையின் மேல்வளைவு அரை இஞ்ச் உயர வேண்டும். உயரவில்லையென்றால் கை தோளைத் தொட்டு ஏறும்போதே கீழே பார்டர் மேலே இழுக்கப்படும். தோள் வெளியே போனால் மேல்வளைவு இறங்க வேண்டும். எடுத்ததைக் கொடுக்க வேண்டும், கொடுத்ததை எடுக்க வேண்டும்.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் எழுதியவர்களுக்குத் தெரியும், மார்புச் சுற்றளவை வைத்து மற்ற எல்லாவற்றையும் வகுத்துக் கண்டுபிடிக்கும் முறை. மார்பில் எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று. தொடங்குவதற்கு அது நல்ல முறை. இல்லாவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு கோடு போடுவது? ஆனால் அந்த வகுத்தல் உடம்பு எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெருகும் என்று நம்புகிறது. 34 அளவில் இருந்தவர் 40 ஆனால் மார்பு, வயிறு, மேல்கை எல்லாம் பெருகும். தோள் எலும்பு பெருகாது. பெரிய அளவு ரெடிமேட் ஜாக்கெட்டுகளில் தோள் சரிந்து, கை தொடங்கும் இடம் மேல்கையில் தொங்கிக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

✽

இடைகழியைப் பற்றி எழுதாமல் இந்த ஊரில் லூஸ் பற்றி எழுத முடியாது.

மழை இரவு. முதலில் வந்த பொய்கையாழ்வார் படுத்துக்கொண்டார். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கலாம் என்றால் இருவர் உட்காரலாம் என்று உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், இருவர் உட்காரலாம் என்றால் மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். அப்புறம் கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆள் வந்து நெருக்கியதையும், அவர் யாரென்று பார்க்க விளக்கேற்றிய பாட்டுகளிலிருந்து மூன்று அந்தாதிகள் பிறந்ததையும் ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். பக்தியாகக் கேட்டால் நாலாவது ஆள்தான் கதை. தையல்காரியாகக் கேட்டால் எனக்கு முதல் பகுதியே போதும். சுவர் நகரவில்லை. இடம் கூடவில்லை. படுக்கை, இருக்கை, நிலை என்று உடம்பு மாறியது. அதே இடம் ஒருவருக்கும் போதும், மூவருக்கும் போதும் என்று ஆனது.

கையின் லூஸும் அப்படித்தான். கடையில் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நிற்கிறவருக்கு எல்லாக் கையும் சரி. அந்த அளவு அவருக்கு வீட்டில் உதவாது. மாவு பிசையும்போது முழங்கை விலகும். மேல்கைத் தசை புடைக்கும். கொடியில் துணி போடும்போது தோள் எலும்பே மேலேறும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பின்முதுகு அகலும். இஞ்ச் கணக்கில் ஒரே லூஸ். ஒவ்வொரு நிலையிலும் வேறு வேறாகச் செலவாகிறது. ஆகவே போட்டுப் பார்க்கச் சொல்லும்போது நான் நிற்கச் சொல்வதில்லை. தலைவாரிக் காட்டச் சொல்வேன். பின்னால் கொண்டைக்கு ஊசி குத்துவது போலச் செய்யச் சொல்வேன். சிரிப்பார்கள், செய்வார்கள்.

✽

கை தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறுகிறது. இதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். அதற்கு அவர்களே வைத்தியமும் சொல்வார்கள்: "அக்குள்ல பிடிக்குதுக்கா, ஆர்ம்ஹோலை இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டிடுங்க."

இறக்கினால் இன்னும் மோசமாகும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. அறிவுக்கு எதிராக இருக்கிறது. இறுக்கமாக இருக்கும் இடத்தைப் பெரிதாக்கினால் தளரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் கை சுழலும் கீல் தோள் மூட்டில் இருக்கிறது. ஆர்ம்ஹோலின் அடி அக்குளுக்கு அருகிலேயே இருந்தால், கை உயரும்போது கையின் துணி மட்டும் உயரும். உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். ஆர்ம்ஹோலை இரண்டு இஞ்ச் இறக்கினால் கையும் விலாவும் அங்கே, கீழே, ஒன்றாகத் தைக்கப்பட்டுவிட்டன. கையைத் தூக்க வேண்டுமென்றால் விலாத் துணியையும் தூக்கியாக வேண்டும். ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு மார்புக்குக் கீழேயே முடிகிறது. அது ஏறாமல் என்ன செய்யும்?

கையின் மேல்வளைவும் இதில் பங்காளி. மேல்வளைவு உயரமாக இருந்தால் கை ஒல்லியாக, தொங்கவிட்டால் ஒரு சுருக்கமும் இல்லாமல் அழகாக விழும். ஆனால் தூக்க வராது. தாழ்வாக இருந்தால் கை அகலமாகி, தூக்குவதற்குச் சுகமாக இருக்கும்; தொங்கவிட்டால் அக்குளில் துணி சேரும். ஜாக்கெட்டுக்கு 3, 3.5 இஞ்ச் என்று வைப்பது வழக்கம். கோட்டுக்கு அதைவிட நிறைய. அழகும் சுகமும் ஒன்றின் கணக்கில் ஒன்று கடன் வாங்குகின்றன. யாருக்கு எது வேண்டும் என்று கேட்டுத்தான் உயரம் வைக்க வேண்டும். போட்டோவுக்கு நிற்கப் போகும் கல்யாணப் பெண்ணும், காலை நான்கு மணிக்குப் பூ கட்டி விற்கப் போகிறவரும் ஒரே மார்பளவாக இருக்கலாம். ஒரே கை வைக்க முடியாது.

இறக்கி வெட்டியதை ஏற்ற முடியாது என்பதுதான் இந்தக் குறையின் கொடுமை. போன துணி போனதுதான். பக்கத்தைப் பிரித்து, அக்குளில் சிறிதாக ஒரு துண்டு சேர்க்கலாம். சாய்சதுரமாக, கிராஸில் வெட்டி. வெளியே தெரியாது. தெரிந்தால்தான் என்ன?

✽

அந்தத் துண்டு புதிய தந்திரம் இல்லை. கையை வளைவாக வெட்டி வளைவான குழியில் பொருத்துவதே பிற்பாடு வந்தது. பழைய குர்த்தாவை எடுத்துப் பாருங்கள்: உடம்பு நேர்த் துண்டு, கை நேர்த் துண்டு, இரண்டும் சேரும் அக்குளில் ஒரு சின்னச் சதுரம். கத்தரிக்கு வளைவு வேலையே இல்லை. ஒரு நூல் துணி வீணாகாது. சதுரத்தின் மூலைகள் திரும்பிக் கொடுப்பதால் கை எந்தத் திசையிலும் போகும். தொங்கவிட்டால் தோளில் துணி வழியும், அவ்வளவுதான் குறை. நெய்தவனின் உழைப்பை மதித்த வெட்டு அது. இன்றைய ஜாக்கெட்டில் கைக்கு இரண்டு பக்கமும் விழும் துணுக்குகளைப் பெருக்கித் தள்ளும்போதெல்லாம் அந்தச் சதுரத்தை நினைப்பேன்.

தைத்த உடுப்பு தமிழ்நாட்டுக்குப் பழங்காலத்திலேயே தெரிந்ததுதான். முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு நிற்கும் யவனர் சட்டை போட்டிருக்கிறார்கள்; சிலப்பதிகாரத்துப் புகாரில் தையல்காரர்களுக்கும் தெருவில் இடம் இருக்கிறது. ஆனால் கல்லிலும் செம்பிலும் நமக்குக் கிடைத்த பெண்களின் மேலுடம்பில் கைவைத்த துணியைத் தேடிப் பார்த்தால் கிடைப்பது அரிது. வெயிலுக்கு நெய்த ஊர். வளைந்த ஆர்ம்ஹோல் இங்கே வந்தது மேலைத் தையலின் வழியாகத்தான், அதுவும் பெண்களுக்கு மிகத் தாமதமாக.

வளைந்த கையின் பழைய மாதிரிகளில் ஒன்று பிரான்சில், லியோன் நகரத்து ஜவுளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரித்தானிப் பிரபு சார்ல் த ப்ளுவா உடுத்தியது என்று காக்கப்பட்டு வந்த பட்டுச் சட்டை. அவர் 1364இல் ஓரே என்ற ஊரில் நடந்த சண்டையில் இறந்தார். அதன் ஆர்ம்ஹோல் மார்பிலும் முதுகிலும் வெகுதூரம் உள்ளே போய் ஒரு பெரிய வட்டமாக இருக்கிறது. கை பல துண்டுகளைச் சேர்த்து அந்த வட்டத்தை நிரப்புகிறது. வாளை ஓங்கினாலும் இடுப்பில் சட்டை நகராமல் இருக்க அப்படி வெட்டினார்கள். கொடியில் புடவை போடுகிறவருக்கும் அதே பிரச்சினைதான். அவருக்கு மட்டும் யாரும் அவ்வளவு துண்டு சேர்த்துத் தைத்ததில்லை.

✽

கூடுதலாக வந்த அரை இஞ்சை எங்கே மறைப்பது?

மேல்வளைவின் உச்சியில் துணி நேர் இழையில் நிற்கிறது. அங்கே அது அடங்காது. சுருக்கம் விழுந்து பஃப் கை மாதிரி ஆகிவிடும். உச்சிக்கு இரண்டு பக்கமும் சரியும் இடத்தில் துணி கிராஸாக ஓடுகிறது. கிராஸ் துணிக்கு ஒடுங்கத் தெரியும். ஆகவே உச்சியில் ஓர் இஞ்சைத் தட்டையாக விட்டுவிட்டு, முன்சரிவிலும் பின்சரிவிலும், பின்னால் சற்றுக் கூடுதலாக, அந்த அரை இஞ்சைக் கரைக்க வேண்டும். பெரிய தையலில் இரண்டு வரி ஓட்டி, நூலை லேசாக இழுத்து, ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால் காட்டன் அடங்கிவிடும். கம்பளி இன்னும் நன்றாக அடங்கும். கோட்டுத் தையல்காரர்கள் ஓர் இஞ்சுக்கும் மேல் அதற்குள் ஒளித்துவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் துணிக்கு இந்தக் கவலையே இல்லை. பின்னல் துணி தானே நீண்டு கொடுக்கும், கூடுதல் வைக்காமலே தைக்கலாம்.

பட்டுதான் சோதனை. அதுவும் ஜரிகை ஊடிய பட்டு. அது ஓர் இழைகூட ஒடுங்காது, சூட்டுக்கும் பணியாது. போதாததற்குப் பார்டர் கை. பார்டர் கீழே வந்தாக வேண்டும். ஜாக்கெட் பிட்டின் அகலம் நெய்தவரே முடிவு செய்தது. மேல்வளைவை உயர்த்த வேண்டியிருந்தால் மேலே துணி இருக்காது. அப்போது கையை விட்டுவிட்டு ஆர்ம்ஹோலைத்தான் கைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். தோளை மறுபடி கால் இஞ்ச் வெளியே தள்ள வேண்டியிருக்கலாம். கைதான் எப்போதும் உடம்புக்கு இணங்கிப் போக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

மெஷினின் உதவியும் உண்டு. ஊசிக்கு அடியில் இருக்கும் பற்கள் கீழ்த்துணியைப் பிடித்துத் தள்ளுகின்றன, மேல்துணி பின்தங்குகிறது. நேர்த் தையலில் இது தொல்லை, இரண்டு முனைகளும் சேராமல் போகும். கை இணைக்கும்போது இதே தொல்லையை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கூடுதல் உள்ள துண்டைக் கீழே வைத்தால் பற்களே கொஞ்சம் கொஞ்சமாக அதை உள்வாங்கிக்கொள்ளும். மேலே வைத்தால் முடிவில் ஒரு சின்னக் கொப்புளம் மிஞ்சும், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

✽

மேலைத் தையல் புத்தகங்கள் சொல்லும் முறை: உடம்பின் பக்கத்தை மூடு, கையைக் குழாயாகத் தை, பிறகு குழாயை வட்டத்துக்குள் வைத்து இணை. நம் கடைகளில் அப்படிச் செய்வதில்லை. தோள் தைத்ததும் பக்கத்தை மூடாமலே, துணி விரிந்திருக்கும்போதே, கையை இணைத்துவிடுவோம். பிறகு கை நுனியிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தையல். அதற்குப் பக்கத்திலேயே கால் இஞ்ச் விட்டு இன்னொரு வரி, அப்புறம் இன்னொரு வரி.

புத்தக முறையில்தான் வடிவம் நன்றாக வரும், மறுக்கவில்லை. அக்குளில் தையல் உடம்பைத் தொடாமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் நம் முறையில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யார் முதலில் யோசித்தார்களோ அவருக்கு யாரும் பட்டம் கொடுத்ததாகத் தெரியவில்லை. உள் வரியைப் பிரித்தால் உடம்பு முன்னும் பின்னும் கால் இஞ்ச் அகலும். ஆர்ம்ஹோலின் அடியும் அதே அளவு நீளும். அதே வரி கைக்குள்ளும் ஓடுவதால் கையும் இரண்டு பக்கமும் கால் இஞ்ச் அகலும். மேல்வளைவுக் கோடும் அதே அளவு நீளும். உடம்பு மாறிய செய்தி கைக்குத் தானாகவே போய்விடுகிறது. வீட்டில் பிளேடு வைத்து ஒரு வரியைப் பிரிக்கத் தெரிந்தால் போதும், டெய்லர் வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், சிலர் அக்குளுக்குக் கீழே மட்டும் பிரிப்பார்கள். கை இறுக்கமில்லை, அதை ஏன் பிரிக்க வேண்டும் என்ற நினைப்பு. அக்குளில் பழைய வரியும் புது வரியும் கோணலாகச் சேர்ந்து, அங்கே துணி கூம்பாகப் புடைக்கும். உறுத்தும். பிரிக்கத் தொடங்கினால் கை நுனி வரை போக வேண்டும், கை லூஸாகிவிட்டதென்றால் நுனியில் மட்டும் பிறகு சரித்துப் பிடித்துக்கொள்ளலாம்.

✽

அம்மாவின் கல்யாண ஜாக்கெட்டை மகளுக்கு மாற்றித் தரக் கேட்கிறார்கள். புடவை பொருந்தும், புடவை யாருக்கும் பொருந்தும். ஜாக்கெட் பொருந்தாது. மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர் என்று பெரிய புராணம் சொல்வது எங்கள் ஊரைத்தான். அடியார் உடுப்பைக் கண்டதும் வணங்கினார். உள்ளே பகைவன் முத்தநாதன் கத்தியோடு இருந்தது அவருக்குப் பொருட்டில்லை. நாயனாருக்கு அது தகும். தையல்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. உள்ளே இருப்பது யார் என்று கேட்டே ஆக வேண்டும்.

✽

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர் ஒருவர் வருகிறார். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு, சிலருக்கு அந்தப் பக்கக் கையில் நீர் வடிவது தடைப்பட்டுக் கை வீங்கிவிடுகிறது. சிலருக்கு உடனே, சிலருக்கு ஆண்டுகள் கழித்து. இவருக்கு இடது கை. வலது கைக்கு வெட்டியதை இடதில் ஏற்ற முடியாது, ஏற்றினாலும் கூடாது. அந்தக் கையை எதுவும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

"ரெண்டு கையும் ஒரே மாதிரி தெரியணும்மா. கல்யாணத்துக்குப் போறப்ப எல்லாரும் அதையே பாக்கிறாங்க" என்றார்.

"ஒரே மாதிரி தெரியும் பெரியம்மா. ஒரே அளவா இருக்காது."

இடது கையின் பேப்பரை நடுவில் மேலிருந்து கீழாகவும், அக்குள் மட்டத்தில் குறுக்காகவும் வெட்டி, விரித்தேன். மேல்கை இரண்டு இஞ்ச் அகலமாயிற்று. விரிக்கும்போது மேல்வளைவு தாழ்ந்துவிடுகிறது. அதை அப்படியே விட்டால் தூக்கச் சுகம், ஆனால் வலது கையைப் போல விழாது. பழைய உச்சியிலேயே மறுபடி கோடு போட்டால் அழகு வரும், ஆனால் கோடு நீண்டு, ஆர்ம்ஹோலுக்குள் அடங்காத அளவு கூடுதல் சேரும். நடுவில் ஓர் உயரம் பிடித்தேன். மிச்சமிருந்த கூடுதலுக்கு இடது ஆர்ம்ஹோலையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது: அடியை இறக்காமல், பக்கத் தையலில் இடது புறம் மட்டும் அரை இஞ்ச் கூடுதலாக விட்டேன். வடு இருந்த பக்கம் அந்த இடம் அவருக்கும் தேவைப்பட்டது. தையல்கள் உள்ளே உறுத்தாமல் இருக்க லைனிங்கைத் திருப்பி மூடினேன். பார்டர் இரண்டு கையிலும் முழங்கைக்கு மேலே ஒரே உயரத்தில் நிற்கிறது. சுற்றளவில் மட்டும் வித்தியாசம், புடவைத் தலைப்பு இடது தோளில்தானே விழுகிறது, பாதியை அதுவே மூடிக்கொள்ளும்.

அவர் காலையில் வந்து போட்டுப் பார்த்தபோது இடது கை தொளதொளவென்று இருந்தது. "பெருசாத்தான் வெச்சிட்டியோ?" என்றார். அந்த வீக்கம் பகல் ஏற ஏறக் கூடும், வேலை செய்தால் இன்னும் கூடும். நான் அளவெடுத்தது மாலை ஆறு மணிக்கு. பேப்பரில் 'இடது', 'வலது' என்று பெரிதாக எழுதி, இடதின் மேல் 'மாலை அளவு' என்று சேர்த்து, இரண்டையும் ஒன்றாக மடித்துக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த துணி எடுத்து வரும்போதும் சாயங்காலமாகவே வரச் சொன்னேன். வந்தால் பேப்பரை நம்பாமல் கையை மறுபடி அளக்க வேண்டும். வீக்கம் இருந்தபடியே இருப்பதில்லை.